வார்ஃப் ஆற்றங்கரையில் ஒரு சுற்று நடை

கேள்வி: மே மாதம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கும் மகளிடம் செல்கிறோம். காடு, புல்வெளி, ஆற்றோரம் மூன்றையும் ஒரே நாளில் கண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நடைப்பாதை அருகில் உண்டா? – வாசகி, மதுரை.

பதில்: யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியிலுள்ள போல்டன் அபி என்ற சிற்றூருக்குச் செல்லுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த துறவியர் மடத்தின் இடிபாடுகளில் தொடங்கி (அதன் ஒரு பகுதியில் இன்றும் வழிபாடு நடக்கிறது), வார்ஃப் ஆற்றின் ஒரு கரையில் பார்டன் பாலம் வரை சென்று, மறு கரையில் திரும்பினால், 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்திருப்பீர்கள்.

வழியிலுள்ள ஸ்ட்ரிட் ஓக் மரக்காட்டில் மே மாதத் தொடக்கத்தில் நீலமணிப் பூக்கள் தரையை மூடியிருக்கும். அங்கேதான் அகன்று வரும் ஆறு, பாறைகளுக்கிடையே தாண்டிவிடலாம் என்று தோன்றும் அளவுக்குக் குறுகிவிடுகிறது. ஆனால் நீர் மிக ஆழமானது, பாறைகளின் அடிப்புறம் அரிக்கப்பட்டுக் குடைந்திருப்பதால் விழுந்தவர்களை உள்ளே இழுத்துக்கொள்ளும், தாண்ட முயன்று உயிரிழந்தோர் உண்டு. பாசி படிந்த அந்த விளிம்பை நெருங்கவே வேண்டாம்.

காட்டைத் தாண்டியதும் பிராட்ஃபோர்டுக்குக் குடிநீர் கொண்டுசெல்லும், கோட்டை போன்ற பாலமொன்று வரும். களைத்தவர்கள் அதிலேயே ஆற்றைக் கடந்து திரும்பலாம். அதற்கப்பால் புல்வெளி. ஆடு மாடுகள் மேய்வதால், திறந்த படலை மறவாமல் சாத்துங்கள். கன்றோடு நிற்கும் பசுவை விட்டு விலகி நடங்கள். மடத்தருகே ஆற்றைக் கடக்கப் படிக்கற்கள் இருந்தாலும், மழைக்குப் பின் அவை மூழ்கிவிடும் என்பதால் பக்கத்திலுள்ள நடைபாலமே நல்லது.