அப்பாவின் கைக்கடிகாரம் காட்டும் எண்

கேள்வி: என் தந்தைக்கு வயது 72. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் திருச்சிக்கு வரச் சொன்னார்கள்; எங்களால் அலைய முடியவில்லை. அண்ணன் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்து, கைபேசியில் செயலியும் போட்டுத் தந்திருக்கிறார். அது குறிக்கும் துடிப்பு எண்ணை எட்ட முடியவில்லையே என்று அப்பா தினமும் கவலைப்படுகிறார். இதை நம்பி வீட்டிலேயே பயிற்சி செய்யலாமா?
- வாசகி, அறந்தாங்கி

பதில்: மருத்துவர் அனுமதித்தால் செய்யலாம், ஆனால் அந்த எண்ணை முதலில் மறந்துவிடச் சொல்லுங்கள். பல செயலிகள் 220இலிருந்து வயதைக் கழித்து, தங்கள் தந்தைக்கு 148 என்று ஓர் உச்சத்தை வைத்துக்கொண்டு, அதில் இத்தனை விழுக்காடு என்று இலக்கு குறிக்கின்றன. மாரடைப்புக்குப் பின் பலருக்கும் தரப்படும் மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளின் வேலையே துடிப்பைக் குறைத்து வைப்பதுதான். மாத்திரை ஒழுங்காக வேலை செய்வதைத்தான் அப்பா தன் தோல்வி என்று எண்ணிக்கொள்கிறார். மாத்திரையை வழக்கம்போல் சாப்பிட்ட நிலையில் டிரெட்மில் பரிசோதனை செய்து மருத்துவர் குறித்துத் தரும் எண்ணே அவருக்குரியது. அது கிடைக்கும்வரை மூச்சே அளவுகோலாக இருக்கட்டும்: நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். வார் தளர்ந்திருந்தாலும், துடிப்பு சீரற்று இருந்தாலும் கடிகாரம் தவறாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இம்முறையால் பயன் உண்டா என்றால், விடை ஒரே மாதிரி இல்லை. ஐரோப்பாவின் 5 நாடுகளில், மறுவாழ்வு மையத்துக்கு வர மறுத்த 65 வயதைத் தாண்டிய 179 பேரிடம் நடந்த ஆய்வில் (2021), கைபேசி வழிகாட்டலுடன் 6 மாதம் வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களின் உடல் திறன், அது இல்லாதவர்களைவிடக் கூடியது. அமெரிக்காவில் அதே வயதுடைய 400 பேரிடம் நடந்த ஆய்விலோ, 3 மாத முடிவில் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இது நல்லது, செயலி இருப்பதாலேயே நடை நீண்டுவிடாது என்றே நான் இவற்றைப் புரிந்துகொள்கிறேன். இரண்டு ஆய்வுகளிலும் பயிற்சியாளர்கள் தொலைபேசியில் தொடர்ந்து பேசிவந்தார்கள். கடையில் வாங்கும் கடிகாரத்தோடு அந்த ஆள் வருவதில்லை. ஆகவே பதிவுகளை யார் பார்ப்பார், வாரம் ஒருமுறை அப்பாவை யார் அழைப்பார் என்று சிகிச்சை அளித்த மருத்துவமனையில் கேளுங்கள். வெளியூரிலிருந்து அண்ணன் பார்த்துக்கொள்வார் என்பது பாசம், மேற்பார்வை ஆகாது.

கடிகாரத்தால் மாரடைப்பைக் கண்டறிய முடியாது. நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ, தலைச்சுற்றலோ வந்தால் கடிகாரம் எதைக் காட்டினாலும் அப்பா உடனே நின்று உட்கார வேண்டும்; தாங்கள் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.