எஸ்.டி.-6 ஒரே இரவில் விழுந்தது சரியா?

கேள்வி: 'ஏலியஸ்' என்ற அமெரிக்க உளவுத் தொடரில் இரண்டாவது சீசனின் 13-வது எபிசோடை நேற்று பார்த்தேன். தூக்கமே வரவில்லை. ஒன்றரை சீசனாக நாயகி சிட்னி மறைந்திருந்து எதிர்த்த எஸ்.டி.-6 என்ற எதிரிக் கும்பல் ஒரே எபிசோடில் காலி. இவ்வளவு அவசரம் எதற்கு?

பதில்: அந்த எபிசோடு ஏபிசி சேனலில் வந்த நாள் 2003 ஜனவரி 26. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் முடிந்த கையோடு போட்டார்கள். நேரம் ரொம்பவே பிந்திவிட்டது, அப்படியும் 1.7 கோடிப் பேர் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் புதியவர்களாக இருந்திருப்பார்கள். சிஐஏ என்று நம்பி எதிரிக் கும்பலில் சேர்ந்தவள், உண்மை தெரிந்து நிஜமான சிஐஏவுக்கு உளவு சொல்கிறாள் என்ற முடிச்சை அவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் கதை ஓடிவிடும். அதனால் முடிச்சையே அறுத்துவிட்டார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. ஆனால் எஸ்.டி.-6 தலைவன் ஸ்லோன் எதிரே உட்கார்ந்து சிட்னி சிரிக்கும்போதெல்லாம் நமக்கு இருந்த படபடப்பு அதோடு போனது. அது பெரிய இழப்புதான்.

கேள்வி: எஸ்.டி.-6இல் சிட்னியோடு வேலை பார்த்த டிக்சன், அவள் உண்மையை மறைத்ததற்காகக் கோபப்படுவது நியாயமா? சிட்னிக்கு வேறு என்ன வழி இருந்தது?

பதில்: இந்தக் கேள்விக்காகவே அந்த எபிசோடை மறுபடி பார்த்தேன், டிக்சனின் முகத்தை மட்டும். வேறு வழி இல்லைதான். தான் உண்மையைச் சொன்ன ஒரே காரணத்துக்காகத் தன் காதலன் டேனி கொல்லப்பட்டதை முதல் எபிசோடிலேயே பார்த்தவள் அவள். டிக்சனுக்கு மனைவியும் பிள்ளைகளும் வேறு. வாயைத் திறக்க எப்படித் துணிவு வரும்? ஆனாலும் நான் டிக்சன் பக்கம்தான். நாட்டுக்காக உழைக்கிறோம் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் உயிரைப் பணயம் வைத்தவர். அத்தனையும் எதிரிக்கு என்று கடைசியில் தெரிகிறது, அதுவும் பக்கத்திலேயே இருந்தவளுக்கு அது முன்பே தெரியும் என்பதோடு சேர்ந்து. அந்த நிலையிலும் சிட்னி கேட்ட தகவலை அனுப்பிவைக்கிறாரே, அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஒன்று. இதே வலியைச் சிட்னியும் பட்டவள். அவள் அப்பா ஜாக்கும் எல்லாம் தெரிந்தே அவளிடம் மறைத்தவர். அதனால்தான் டிக்சன் முகம் திருப்பும்போது அவளால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: சிட்னியும் சிஐஏவில் அவளுடைய தொடர்பாளரான வானும் (Vaughn) கொடுத்துக்கொண்ட முத்தம்?

பதில்: நொறுங்கிக் கிடந்த எஸ்.டி.-6 அலுவலகத்தின் நடுவில்! காத்திருந்ததற்குத் தகுந்த இடம்.

கேள்வி: பிரான்சியைக் கொன்றதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. சீசன் முழுவதும் பார்த்து முடித்துவிட்டேன், ஆறவில்லை.

பதில்: முதல் கேள்வி கேட்டவர் சீசனை முடித்துவிட்டு இதைப் படிக்கவும். உளவு வேலைக்கும் பிரான்சிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. சிட்னி வீடு திரும்பினால் சாதாரணமாகப் பேசக் கிடைத்த தோழி, அவ்வளவுதான். அவளைச் சுட்டுவிட்டு, அவள் முகத்தோடே ஒருத்தி எழுந்து நிற்கிறாள். இரண்டு பேராகவும் நடித்தவர் மெரின் டன்ஜி. அந்த 13-வது எபிசோடிலிருந்து 22 வரை நமக்கு மட்டும் தெரியும், சிட்னிக்குத் தெரியாது. சிட்னியின் நண்பன் வில் அந்தப் போலியைக் காதலித்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் போலியைக் காட்டிக்கொடுத்தது காபி ஐஸ்கிரீம். பிரான்சிக்கு அது பிடிக்காது என்பது உயிர்த்தோழிக்குத்தானே ஞாபகம் இருக்கும்.