கைநாட்டும் சம்மதமும்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மலேரியாத் தடுப்பூசிச் சோதனைகளில் உங்கள் பணியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காலைப் பெரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், வரிசையாக நிறுத்தி, தோட்டத்து மருந்தாளரான டிரெசர் மலேரியா மருந்தான கொய்னாவை வாயில் ஊற்றி, விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். எதற்கென்று யாரும் சொன்னதில்லையாம். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு நீங்கள் செய்வதும் அதுதானே? மூன்றில் ஒரு பங்கு பலன் தரும் ஊசிக்கு அத்தனை குழந்தைகள் தேவையா? அந்த ஊசி இங்கும் வருமா?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். பெரட்டுக் களத்துக் கதையை என் பாட்டியும் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தவர், அதில் என்ன எழுதியிருந்தது என்று அறியாமலே போய்ச் சேர்ந்தார். அதனால்தான் இந்த வேலையில் சேர்ந்தபோது ஆய்வுத் திட்டத்துக்கும் முன்பாகச் சம்மதப் படிவத்தை எடுத்துப் படித்தேன்.

எங்கள் சோதனைகளிலும் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் கைநாட்டுதான் வைக்கிறார்கள். ஆனால் ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் உடனிருந்து, படிவம் முழுவதும் அந்தத் தாயின் மொழியில் விளக்கப்பட்டதை உறுதிசெய்து, தாமும் கையெழுத்திட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் குழந்தையின் வைத்தியம் நிற்காது. 2009 முதல் 2014 வரை ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 15,459 குழந்தைகளிடம் நடந்த ஆர்டிஎஸ்,எஸ் என்னும் மலேரியாத் தடுப்பூசியின் சோதனையில், ஒப்பீட்டுக் குழுவிலிருந்த பிள்ளைகளுக்கும் வெறும் தண்ணீரைச் செலுத்தவில்லை. ஐந்து மாதம் கடந்தவர்களுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார்கள். அந்த ஊர்களில் அதுவும் உயிர் காப்பதுதான்.

மூன்றில் ஒரு பங்கு என்று நீங்கள் குறிப்பிடுவது 36 விழுக்காடு. ஐந்து முதல் பதினேழு மாத வயதில் சேர்ந்து நான்கு ஊசிகளும் போட்டுக்கொண்ட குழந்தைகளிடம், ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் அந்த அளவு குறைந்தது. நூற்றில் 36 பேர் தப்பினார்கள், மற்றவர்களுக்குப் பலனில்லை என்று இதைப் படிக்கக் கூடாது. கொசு மிகுந்த ஊரில் ஒரே குழந்தை ஓராண்டிலேயே பலமுறை காய்ச்சலில் விழுகிறது. குறைவது அந்த முறைகளின் எண்ணிக்கை. ஆயிரம் குழந்தைகளுக்கு 1,774 காய்ச்சல்கள் தவிர்க்கப்பட்டன என்பது கணக்கு. தவிர்க்கப்பட்ட காய்ச்சல்களே குழந்தைகளின் எண்ணிக்கையைத் தாண்டுகின்றன என்றால், தவிர்க்க முடியாமல் போனவற்றை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கொசு கடித்ததும் உள்ளே இறங்கும் ஒட்டுண்ணி சிறிது நேரத்திலேயே கல்லீரலுக்குள் நுழைந்துவிடுகிறது. அதற்குள் எதிர்ப்புப் புரதங்கள் அதைப் பிடித்தாக வேண்டும். அவையோ ஊசி போட்ட சில மாதங்களிலேயே வெகுவாகக் குறைகின்றன. ஏன் குறைகின்றன என்று தேடுவதுதான் என் அன்றாட வேலை. குழந்தையிடமிருந்து வந்த இரத்தம் ஒரு தேக்கரண்டிகூட இராது. அதைப் பிரிக்கும் திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றி, சுழலியில் சுற்றி எடுத்தால், அடியில் சிவப்பும் மேலே வைக்கோல் நிற நீரும் இருக்க, நடுவில் நூல் கனத்துக்கு ஒரு வெண்படலம் மிதக்கும். ரப்பர்ப் பாலின் மேல் படியும் ஆடை போல இருக்கும் அந்தப் படலத்தில்தான் நமக்கு வேண்டிய எதிர்ப்பு அணுக்கள் இருக்கின்றன. கை சற்று நடுங்கினாலும் கலைந்துவிடும். கலைந்துவிட்டால் இன்னொரு முறை கேட்க முடியாது. எவ்வளவு இரத்தம், எத்தனை முறை என்று அந்தத் தாய் கைநாட்டு வைத்த படிவத்தில் எழுதியிருக்கிறது.

உங்கள் கேள்வி உண்மையாகவே தைக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தச் சோதனையில் ஊசி பெற்றவர்களிடம் மூளை உறைக் காய்ச்சல் சற்றுக் கூடுதலாகத் தென்பட்டது. அதற்கு ஊசிதான் காரணமா என்றும் கண்காணிக்க வேண்டிய நிலையில், 2019-இல் கானா, கென்யா, மலாவி நாடுகளில் முன்னோடித் திட்டம் தொடங்கியது. ஆனால் அங்கே பெற்றோரிடம் தனிச் சம்மதம் பெறப்படவில்லை. குழந்தையை ஊசிக்குக் கொண்டுவந்ததே சம்மதமாகக் கொள்ளப்பட்டது. 2020-இல் மருத்துவ அறவியல் அறிஞர்கள் இதைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஊசிக்கும் அந்த நோய்க்கும் தொடர்பில்லை என்று பின்னர் தெரிந்தது. 2021 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் ஊசியைப் பரிந்துரைத்தது. ஆயினும் முடிவு நல்லதாக அமைந்தது, முன்பே கேட்டிருக்க வேண்டிய சம்மதத்துக்கு ஈடாகாது.

அந்த ஊசி உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேவைப்படாது. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவழி பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்ளூரில் தோன்றவில்லை. இப்போது இருப்பது குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை. அதற்கு இன்னும் தடுப்பூசி இல்லை. அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் பெருகும். எனவே காட்டோரச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்யும் தந்தை யாருக்கேனும் காய்ச்சல் என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், அன்றைக்கே கிளினிக்கில் இரத்தம் பரிசோதிக்கச் சொல்லியனுப்புங்கள். காட்டுப் பக்கம் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அன்புடன்.