காலில் சிவப்புப் புள்ளிகள்: வைரஸுக்கு மருந்தா, ஸ்டீராய்டா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 48. இரண்டு மாதமாகக் கணுக்காலுக்கு மேல் சிவப்புப் புள்ளிகள், மூட்டுவலி, பாதத்தில் மரமரப்பு. ஹெபடைடிஸ் சி வைரஸால் வந்த ரத்தக்குழாய் அழற்சி என்று சொல்லி ஒரு மருத்துவர் அழற்சியை அடக்க ஸ்டீராய்டு தொடங்கினார். இன்னொருவர், வைரஸுக்குத்தான் மருந்து வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டாமவர் சொல்வதுதான் அடிப்படைச் சிகிச்சை. அதற்காக ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில வாரம் சாப்பிட்டபின் சட்டென்று விட்டால் உடல் தாங்காது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இந்த வைரஸ் உடலில் தங்கியிருக்கும்வரை நோய் எதிர்ப்பு மண்டலம் சும்மா இருப்பதில்லை. கிரையோகுளோபுலின் என்ற புரதங்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். குளிர்ந்தால் திரிந்து, சூடானால் கரைகிற விசித்திரப் புரதம் இது. சிறிய ரத்தக்குழாய்களில் படிந்து அழற்சியை உண்டாக்குகிறது. ரத்த மாதிரியை 37 டிகிரி வெப்பத்திலேயே வைத்துப் பிரிக்காவிட்டால் இந்தப் புரதத்துக்கான பரிசோதனை முடிவு தவறாக 'இல்லை' என்று வரக்கூடும். அண்ணனுக்கு அப்படி வந்திருந்தால், மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

வைரஸை ஒழிக்க சோஃபோஸ்புவிர், வெல்பாடாஸ்விர் என்ற இரு மருந்துகள் சேர்ந்த மாத்திரையைப் பொதுவாக 12 வாரம் தருவார்கள். நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் வைரஸ் போய்விடுகிறது. புள்ளிகள் சீக்கிரம் மங்கும். மரமரப்பு போகத்தான் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும்விடும். ஸ்டீராய்டை மட்டும் நீட்டிக்கொண்டே போனால் வைரஸ் பெருகத்தான் வழி.

அப்படியானால் ஸ்டீராய்டு எதற்கு? சிறுநீரகம், நரம்பு, குடல் மோசமாகப் பாதிக்கப்படும்போது வைரஸ் ஒழியும்வரை காத்திருக்க முடியாது. அப்போது ஸ்டீராய்டு, நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் ரிடுக்சிமாப் என்ற மருந்து, சில நேரம் பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்து மாற்றுவது) தேவைப்படும். பாதம் தொங்கிப்போவது, சிறுநீர் சிவப்பாகவோ நுரையாகவோ போவது, கடும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல்: இதில் ஏதாவது தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மரமரப்பு இருப்பதால் நரம்பு மருத்துவரையும் பார்ப்பது நல்லது.

ரத்தக்குழாய் அழற்சிக்குக் காரணம் ஹெபடைடிஸ் பி வைரஸ் என்றால் கணக்கு வேறு. அங்கே ஸ்டீராய்டு குறுகிய காலத்துக்கு மட்டும், கூடவே வைரஸ் மருந்து. அப்புறம், சி வைரஸ் மாத்திரையோ ரிடுக்சிமாபோ தொடங்கும் முன் பி வைரஸ் பரிசோதனையும் செய்தார்களா என்று பாருங்கள். உடலில் பி பதுங்கியிருந்தால், இந்த மருந்துகளால் அது கிளம்பி ஈரலைத் தாக்கக்கூடும்.