லாக்டவுனில் உடற்பயிற்சி வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றியவர்களே, அது நேர்வகுப்புக்கு ஈடாக இருந்ததா?

முதல் மூன்று வாரம் இல்லவே இல்லை. அப்போது நான் நடத்தியதை வகுப்பு என்று சொல்லவே இப்போது மனம் வரவில்லை. அப்புறம் நடத்தியது வேறு. நீங்களும் பயிற்சியாளராகத்தான் இருப்பீர்கள், ஆன்லைனில் தொடர்வதா விடுவதா என்று யோசிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நான் வேலை பார்த்த ஜிம்மை மூடினார்கள். நான்காம் நாளே ஸ்டூல் மேல் போனைச் சாய்த்து வைத்து ஆரம்பித்துவிட்டேன். 23 பேர் வந்தார்கள். ஜூமில் இலவசக் கணக்குக்கு 40 நிமிடம்தான். எல்லாரும் தரையில் படுத்துக் காலை நீட்டியிருந்த நேரத்தில் இணைப்பு போய்விட்டது. அறையில் பாட்டு போட்டால் இரைச்சல் என்று நினைத்து ஜூமே அதை அமுக்கியது. நான் "எட்டு" என்றால் ஒருவருக்கு உடனே கேட்கும், இன்னொருவருக்குச் சற்றுத் தள்ளிக் கேட்கும். இதெல்லாம் ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடிய விஷயம். சரிசெய்தேன்.

என் தப்பு வேறு இடத்தில் இருந்தது. ஜிம்மில் செய்ததையே கேமரா முன்னால் செய்துகொண்டிருந்தேன். முழு நேரமும் மூச்சு வாங்க நானே செய்துகாட்டுவேன், நடுநடுவே திரையைப் பார்த்து "சூப்பர், சூப்பர்" என்பேன். அந்தத் திரையில் ஒவ்வொருவரும் தபால்தலை அளவு. எதைப் பார்த்து சூப்பர் என்றேன்?

67 வயது அம்மா ஒருவர் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர், மூன்றாவது வாரம் நின்றுவிட்டார். போன் செய்தேன். "முட்டி வீங்கிடுச்சும்மா. நீ சூப்பர்னு சொன்னியா, சரியாத்தான் செய்றேன்னு நினைச்சுட்டேன்" என்றார். குறை சொல்லும் குரலே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் போனை அலமாரியில் வைத்திருந்தார், எனக்குத் தெரிந்தது தோளும் முகமும் மட்டும். ஸ்குவாட்டில், அதாவது முட்டியை மடக்கி உட்கார்வதுபோல இறங்கி எழும்போது, முட்டி உள்பக்கம் மடங்கியதா, குதிகால் எழும்பியதா, எதுவும் நான் பார்க்கவில்லை. ஜிம்மில் முதுகைத் திருப்பி நின்றாலும் யாருக்கு மூச்சு முட்டுகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். இங்கே இருபத்துமூன்று பேரையும் மியூட்டில் போட்டு அந்தக் காதையும் நானே அடைத்துவிட்டிருந்தேன்.

மறுநாளே வகுப்பை உடைத்தேன். ஒரு வேளைக்கு ஆறு பேர், அதற்கு மேல் இல்லை. போன் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், தலை முதல் கால் வரை தெரியும்படி இருக்க வேண்டும். அது சரியாகும்வரை வார்ம்அப்பே கிடையாது. நான் இரண்டு முறை செய்துகாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். அதன்பின் என் வேலை பார்ப்பதும் பெயர் சொல்லித் திருத்துவதும். இரண்டு இரண்டு பேராக மியூட்டை எடுக்கச் சொல்லி, செய்துகொண்டே பேச வைப்பேன். பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதமான வேகம், இரண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் கடுமை. நேர்வகுப்பிலேயே இவ்வளவு கூர்ந்து நான் கவனித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"யூடியூபில் சும்மா கிடைப்பதற்கு எதற்குக் கட்டணம்?" என்று யாராவது கேட்பீர்கள், தெரியும். வீடியோ உங்கள் முட்டியைப் பார்க்காது, அவ்வளவுதான் என் பதில். எல்லாமே ஆன்லைனில் முடியும் என்றும் நான் சொல்லவில்லை. புதிதாக வருபவருக்குப் பளுவான பார்பெல் தூக்குவதைத் திரை வழியாக நான் கற்றுத்தர மாட்டேன். தடுமாறினால் பிடிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மூடிய நாளிலிருந்து எனக்குச் சம்பளம் தராத அந்த ஜிம்காரர், இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு, "அவங்கெல்லாம் எங்க மெம்பர்கள், வர்ற பணத்துல பாதி எங்களுக்கு" என்றார். அந்த இரண்டு மாதத்தில் அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு "எப்படி இருக்கீங்க" என்று கேட்டிருப்பாரா? நான் கொடுக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த அம்மா டாக்டரிடம் காட்டி, ஓய்வெடுத்து, டாக்டர் சரி என்ற பிறகு திரும்பி வந்தார். நாற்காலிப் பரிசோதனையில் தொடங்கினோம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11க்குக் கீழே வந்தால் கீழே விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. அவருக்கு 7 வந்தது. ஏழாவதில் நாற்காலிக் கால் தரையில் கிரீச்சிட்டதும் அவர் மூச்சை இழுத்ததும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வாரம் மூன்று நாள் செய்தோம். முட்டி எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பேன். பத்தாவது வாரம் 12. கை மார்பை விட்டு அசையவில்லை. நேரம் முடிந்ததும் அவர் உட்காராமல் நேரே போன் பக்கம் நடந்து வந்தார். திரை முழுக்க அவர் முகம்.

"சரியா எண்ணுனியாம்மா?" என்று கேட்டார்.