நினைவாற்றலுக்கு டானிக் தேவையா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் இரவு பன்னிரண்டு மணிக்குப் படுத்து, விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து படிக்கிறாள். காலையில் தேநீரும் வறுக்கியும்தான் உணவு. மீன் தூக்கத்தைக் கொண்டுவரும் என்று அதையும் ஒதுக்குகிறாள். படித்தது மறக்கிறது, வகுப்பில் தலை சுற்றுகிறது என்கிறாள். டானிக் வாங்கித் தரலாமா?
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புச் சகோதரி, டானிக் வேண்டாம், முதலில் தூங்கவிடுங்கள். பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் படித்ததை மூளை நிலையான நினைவாகப் பதிக்கும் வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில்தான் நடைபெறுகிறது என்பதால், நான்கு மணி நேரம் மட்டும் தூங்குபவருக்கு மறதி வருவதில் வியப்பில்லை. விடியற்காலைப் படிப்பை நான் குறைகூறவில்லை. ஆனால் அது இரவு ஒன்பது மணிக்கே படுத்து, ஐந்து மணிக்கு எழுபவர்களுக்கு உரியது. தேநீரிலுள்ள, தூக்கத்தைக் கெடுக்கும் காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகுமாதலால், மாலைக்குமேல் தேநீரும் கூடாது.

உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்கு வறுக்கி போதாது; இட்லியும் முட்டையும் கொடுங்கள், அல்லது பழைய சோறும் மோரும் சுண்டலும் கொடுங்கள்.

தலைசுற்றலுக்கு ரத்தசோகையும் காரணமாகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகைதான், கவனக்குறைவும் சோர்வும் அதனுடன் சேர்ந்தே வரும். உணவோடு பருகும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரை சமைக்கும் நாளில் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக் கொடுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டலுக்குப் பயந்து விழுங்காத பிள்ளைகள் உண்டு. உங்கள் மகளிடம் விசாரியுங்கள். கழிப்பறைக்குப் போக நேருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாளா என்பதையும் கேளுங்கள். நம் கரையோர வெயிலில் அதுவே தலைசுற்றலைத் தரும்.

நண்பகலில் வயிறு முட்டச் சோறு உண்டு வரும் மந்தத்திற்கு மீன்மீது பழி போடுவது நியாயமில்லை. விலையுயர்ந்த சீலாவைத் தேட வேண்டியதில்லை. சாளையிலும் சூடையிலும் உள்ள ஒமேகா-3 கொழுப்பு, மூளைச் செல்களின் சவ்வுகளுக்குத் தேவையானது. தின்ற மறுநாளே மதிப்பெண் கூடிவிடும் என்று சொல்லமாட்டேன். வாரம் இரண்டு முறை குழம்பாக வைத்துக் கொடுங்கள்.

தூக்கமும் காலை உணவும் சீராகி இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகும் தலைசுற்றல் நீடித்தால், தேர்வு முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.