வெயிலில் காய்ந்த தலையணை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வசந்தம் வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என் கணவர் துடைப்பமும் கையுமாக நிற்பார். மாலைக்குள் வீடு முழுக்கப் புரட்டிப் போடப்பட்டிருக்கும். எல்லோருக்கும் இடுப்புவலி, ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லை. வசந்தகாலத்தின் சின்னச் சின்ன இன்பங்கள் என்கிறார்களே, அது எங்கள் வீட்டுக்கு மட்டும் வழி தெரியாமல் நிற்கிறதா?

கூடவே இரண்டு சந்தேகங்கள். வெயிலில் போட்டெடுத்த தலையணையின் மணம் உண்மையில் செத்துப்போன நுண்பூச்சிகளின் மணம் என்று வாட்ஸப்பில் வந்தது. அன்றிலிருந்து தலையணையில் முகம் வைக்கவே கூசுகிறது. உண்மையா? பால்கனியில் தொங்கும் தொட்டியில் புறா ஒன்று முட்டையிட்டிருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமா, கூடாதா?

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் மேல் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மேல்தான் தப்பு. பருவம் மாறும்போது வீட்டில் வரும் வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வானிலை உண்டு. கண்ணாடி துடைக்க மேகமூட்டம் வேண்டும், தலையணைக்கு நல்ல வெயில் வேண்டும், தொட்டி மாற்ற மாலை நிழல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பகலில் அடைத்தால் பாதி வேலை தவறான வேளையில்தான் நடக்கும். வெயிலும் காற்றும் கூலியில்லாமல் செய்ய வேண்டியதை நாம் இடுப்பை ஒடித்துச் செய்வோம். ஒரு நாளைக்கு ஒரு வேலை, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் முடிவது என்று வைத்துக்கொண்டால் சண்டைக்கு நேரமிருக்காது.

வாட்ஸப் செய்தி பொய். தைரியமாக முகம் வையுங்கள். 2020இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்து வேதியியலாளர்களின் ஆய்வு ஒன்று வெளியானது. ஈரத் துண்டுகளை வீட்டுக்குள்ளும், வெளியே நிழலிலும், வெளியே வெயிலிலுமாகக் காயவைத்து, அவற்றிலிருந்து என்னென்ன ஆவியாகிறது என்று பார்த்தார்கள். வெயிலில் காய்ந்த துண்டில் மட்டும் ஆல்டிஹைடு, கீட்டோன் வகைச் சேர்மங்கள் சில கிடைத்தன. பென்டனல், ஆக்டனல், நோனனல் போன்றவை. இவை நறுமணப் பொருள்களில் இருக்கிற அதே சேர்மங்கள்தான். ஆக்டனல் ஆரஞ்சுத் தோலின் மணத்தில் உண்டு. பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதில் பலர் கவனிக்காத விஷயம், அவர்கள் காயவைத்தது ஈரத் துண்டு. உங்களுக்கு வேண்டியது அந்த மணம் என்றால், தலையணையை விட உறையைத்தான் கவனிக்க வேண்டும். துவைத்து, நன்றாக உதறி, சொட்டாத ஈரத்தோடு நேர்வெயிலில் போடுங்கள். வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காதீர்கள். அது இந்த மணத்தை அமுக்கிவிடும், துண்டானால் நீர் உறிஞ்சுவதையும் குறைக்கும். சாயம் வெளுக்கும் துணியை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட வேண்டும்.

தலையணையையும் மெத்தையையும் வெயிலில் போடுவது மணத்துக்காக அல்ல, ஈரத்துக்காக. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது பருத்திப்பஞ்சு தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ பஞ்சுமெத்தை என்றால் முக்கால் லிட்டர் தண்ணீரின் மேல்தான் படுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த ஈரம்தான் நுண்பூச்சிகளுக்கு வாழ்வு. அவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடலால் இழுத்துக்கொள்கின்றன. ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வற்றிப்போகும்.

காலை 10 மணிக்கு முன் போடாதீர்கள். தரையிலும் கைப்பிடிச் சுவரிலும் பனி ஈரம் மிச்சமிருக்கும். ஒரு பக்கம் இரண்டு மணி நேரம், புரட்டி மறுபக்கம் இரண்டு மணி நேரம். புரட்டுவதுதான் முக்கியம், ஏனென்றால் நுண்பூச்சிகள் வெளிச்சத்தை விட்டு நிழல் பக்கம் இறங்கிவிடும். மூன்று மணிக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்து காற்று குளிர ஆரம்பித்ததும் பஞ்சு பகலெல்லாம் விட்ட ஈரத்தைத் திரும்ப உறிஞ்சத் தொடங்கும். ஆறு மணி வரை மாடியில் கிடந்த மெத்தை, போடாத மெத்தைக்குச் சமம். தட்டுவதானால் கடைசியில், நன்றாகக் காய்ந்து தூசி இளகிய பிறகு. சூடு ஆறியதும் உறை போடுங்கள்.

ஆனால் எல்லாத் தலையணையும் வெயில் தாங்காது. இலவம்பஞ்சின் இழை சட்டென்று ஒடியக்கூடியது. பிரம்பால் அடித்தால் உள்ளே பொடியாகிவிடும். உள்ளங்கையால் தட்டினால் போதும், துவைக்க வேண்டாம், கட்டிதட்டும். ஃபோம், லேட்டக்ஸ் இரண்டும் நேர்வெயிலில் மஞ்சளாகி உதிரும். அவற்றுக்கு நிழலும் காற்றும் மட்டும். செயற்கைப்பஞ்சுத் தலையணையை வெயிலில் போடுவதற்கு முன் இரண்டாக மடித்து விட்டுப் பாருங்கள். தானாக விரியவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது, வெயிலும் காப்பாற்றாது. நுண்பூச்சிகளை ஒழித்தே ஆக வேண்டும் என்றால் நம்பகமான வழி உறைகளையும் விரிப்புகளையும் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைப்பது. வீட்டில் யாருக்காவது மகரந்த ஒவ்வாமை இருந்தால் இந்தப் பருவத்தில் படுக்கைத் துணி எதையும் வெளியே காயவைக்க வேண்டாம். ராத்திரி முழுக்க மகரந்தத்தின் மேல் படுத்துத் தும்ம வேண்டியிருக்கும்.

அடுத்து ஜன்னல். இருக்கிற எல்லா ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டு “காற்றே வரவில்லை” என்று விசிறிக்கொண்டு உட்காருவது பல வீடுகளில் நடக்கிறது. காற்று வர வேண்டுமானால் அதற்குப் போக வழி வேண்டும். காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலைப் பாதி மட்டும் திறங்கள். எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் நடுவிலுள்ள கதவுகளையும் முழுதாகத் திறங்கள். நுழைவாய் சிறிதாகவும் வெளிவாய் பெரிதாகவும் இருந்தால் உள்ளே காற்றின் வேகம் கூடும். கதவு அறையாமல் இருக்க அடியில் ஒரு கட்டை வையுங்கள். வசந்தகாலத்தில் விரல் நசுங்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே வெப்பம் கூடிவிட்டால் மூடிவிட வேண்டும், அதற்குமேல் திறந்து வைத்திருப்பது வெறும் பிடிவாதம்.

காற்று அப்போதும் மந்தமாக இருந்தால் கொசுவலையைப் பாருங்கள். தூசி அடைத்த வலை காற்றை நன்றாகவே தடுக்கும். காய்ந்த பிரஷ்ஷால் முதலில் தூசியைத் தட்டிவிட்டு அப்புறம் ஈரத்துணி. முதலிலேயே தண்ணீர் விட்டால் தூசி சேறாகிக் கண்ணிகளில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பல்துலக்கும் பிரஷ்தான் கதி. கண்ணாடியை வெயில் படும் நேரத்தில் துடைக்காதீர்கள். துணி போய்ச் சேருவதற்குள் நீர் காய்ந்து கோடு கோடாக நிற்கும். வினிகர் கலந்த நீரால் துடைப்பவர்கள் ஜன்னலடியில் பளிங்குக்கல் இருந்தால் அதன்மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அமிலம் கல்லை அரித்து மங்கலாக்கிவிடும்.

இனி உங்கள் விருந்தாளி. புறா வழக்கமாக இரண்டு முட்டை இடும், ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். சிறிய புறாவானால் குஞ்சு பொரிக்க ஏறத்தாழ இரண்டு வாரம், அது பறக்க இன்னொரு இரண்டு வாரம். பெரிய மாடப்புறா என்றால் பொரிக்க 18 நாள் அளவில், பறக்க ஒரு மாதத்துக்கு மேல். அதுவரை செடியைத் தாகத்தில் விடவேண்டியதில்லை. நீண்ட, மெல்லிய மூக்குள்ள குவளையால், கூட்டுக்கு எதிர்ப்புற விளிம்போரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தெளிக்கக் கூடாது, நனைந்த முட்டை குளிர்ந்துவிடும், உள்ளே கரு பிழைக்காது. தொட்டியை நகர்த்தவும் வேண்டாம். மனிதர் கை பட்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடும் என்பது கட்டுக்கதை. ஆனால் நாளுக்கு நாலு தடவை போய் எட்டிப் பார்த்துப் படம் எடுத்தால் நிஜமாகவே விட்டுவிடக்கூடும். கீழே விழும் எச்சத்தை உலர்ந்தபடி கூட்டாதீர்கள், தூள் மூச்சில் ஏறினால் நோய் வரலாம். நனைத்து ஊறவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு துடைத்தெடுங்கள்.

குஞ்சுகள் போனதும் கூட்டை உடனே எடுத்துவிட வேண்டும். புறா ஒரே பருவத்தில் பல முறை முட்டையிடும், அதுவும் பழகிய இடத்திலேயே. அந்த இடைவெளியில் செடியையும் தொட்டி மாற்றிவிடலாம். முந்தின நாள் நீர் ஊற்றி வையுங்கள். புதுத் தொட்டி பழையதைவிட மூன்று, நான்கு சென்டிமீட்டர் அகலம் கூடினால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து வேரை அழுகவைக்கும். அடியில் ஓட்டுச்சில்லு போடுவது நீர் வடிய உதவாது. ஈரம் தேங்கும் மட்டத்தை அது வேருக்குப் பக்கத்தில் உயர்த்துகிறது, அவ்வளவுதான். துளை இருந்தால் போதும். விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் கீழே மண் நிற்கட்டும், ஒரு வாரம் நிழலில் வையுங்கள், ஒரு மாதம் உரம் வேண்டாம். இந்த வேலையைக் கணவரிடம் ஒப்படைக்கலாம், ஞாயிற்றுக்கிழமை தவிர.

அன்புடன்,
ஆசிரியர்